மண்ணீரல் காணாமல் போன வருஷம்

"இந்தத் தடவையும் தனியாத்தான் வந்தீங்களா, ஜாஜா?"

வார்டு வாசலில் சிஸ்டர் நாமுகோசே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கெசியா நங்கோபி மோட்டார் சைக்கிளின் பின்சீட்டிலிருந்து மெதுவாக இறங்கினாள். இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டி, மஞ்சள் தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். ஜாஜா என்றால் பாட்டி; அப்படிக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. வாசலிலேயே கிழவியாக்கிவிடுகிறார்கள் என்பாள்.

"பின்னே, ஊரையே கூட்டிக்கிட்டு வரணுமா?"

"ஊர் வேண்டாம், ஒரே ஒரு ஆள். நோயாளின்னு வந்தா கூட ஒரு ஆள் இருக்கணும். தண்ணி கொண்டாந்து குடுக்க, சோத்துத் தட்டு வாங்க, தலை சுத்தினா பிடிக்க. இந்த ஆஸ்பத்திரி கட்டின நாள்லேர்ந்து இதானே வழக்கம்?"

"நான் நோயாளி இல்ல. பரீட்சைக்கு வந்தவ."

"ஓகோ, பரீட்சை எழுதப் போறீங்களோ?"

"எழுத வைக்கப் போறேன். தள்ளி நில்லு, வழியை அடைச்சுக்கிட்டு."

சிஸ்டர் சிரித்துக்கொண்டே வழி விட்டாள். வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் நவம்பரும், இதே பேச்சுத்தான்.

டாக்டர் படிப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குக் கடைசிப் பரீட்சை இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் நடக்கும். காகிதத்தில் எழுதுவதெல்லாம் முன்னாலேயே முடிந்துவிடும். இது கையால் தொட்டு, காதால் கேட்டுச் சொல்ல வேண்டிய பரீட்சை. அதற்கு உடம்பு வேண்டும். வந்து போகிற காய்ச்சல்காரர்கள் உதவ மாட்டார்கள். என்றைக்குத் தொட்டாலும் அதே இடத்தில் அதே அடையாளம் இருக்கிற உடம்பாக வேண்டும். அப்படிப்பட்டவர்கள் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவிலும் ஏரிக்கரையிலும் இருந்தார்கள். ஆஸ்பத்திரி அவர்களுக்குச் சொல்லி அனுப்பும். அவர்களும் குளித்து, நல்ல துணி உடுத்தி, கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வந்து சேருவார்கள். போக வர வண்டிச் செலவு உண்டு. மத்தியானம் கோழிக் குழம்போடு சாப்பாடு, ஒரு சோடா.

கெசியாவின் இருதயத்தில் பிறவியிலேயே ஓர் ஓட்டை. முதல் பிள்ளையைப் பெற இங்கே வந்தபோது கண்டுபிடித்தார்கள். அன்றைக்குப் பெரிய டாக்டர், சின்ன டாக்டர், நர்ஸ் பள்ளிக்கூடத்துப் பெண்கள் என்று எல்லாரும் வரிசையில் நின்று அவள் நெஞ்சைக் கேட்டார்கள்.

"நான் சாகப் போறேனா?" என்று அவள் பெரிய டாக்டரைக் கேட்டாள்.

"சாக மாட்டே. ஓட்டை ஊசி முனை அளவுதான். அதான் இவ்ளோ சத்தம். கதவு பூராத் திறந்திருந்தா காத்து சத்தம் போடாமப் போகும். சாவித் துவாரத்துல போனாத்தான் ஊளையிடும். உன்னுது சாவித் துவாரம்."

அந்தச் சாவித் துவாரத்தில் காதை வைத்துத் தேறியவர்கள் இன்றைக்கு நாடு பூராவும் இருக்கிறார்கள். ரேடியோவில் யாராவது டாக்டர் பேசினால், "இவன் என்னைப் பார்த்தவன்தான். கை ஐஸ் மாதிரி இருக்கும்" என்பாள் கெசியா. பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

வார்டு சுண்ணாம்பு அடித்துப் பளிச்சென்று இருந்தது. பருத்தி ஆலை வைத்திருந்த ஓர் இந்தியர் கட்டிக் கொடுத்த வார்டு அது. அவர் ஊரைவிட்டுப் போய் எவ்வளவோ காலமாயிற்று. கல்லில் வெட்டிய பெயரின் மேலேயும் ஒவ்வொரு வருஷமும் சுண்ணாம்பு அடித்து அடித்து, இப்போது விரலால் தடவினால்தான் எழுத்து இருப்பது தெரியும். கெசியா உள்ளே போகும்போது அதை ஒரு தடவை தடவிவிட்டுப் போவாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது.

ஆறாவது கட்டில் அவளுடையது. ஏழாவதில் சாம்விரி பலிகோவா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். கால் ஆடாமல், குடையை மடியில் வைத்துக்கொண்டு.

"என்ன மண்ணீரல், சௌக்கியமா?" என்றாள் கெசியா.

வழக்கமாக உடனே பதில் வரும். "வாம்மா ஓட்டை, இன்னும் அடைக்கலியா?" என்பார். அவர்கள் இரண்டு பேருக்கும் அதுதான் பெயர். முதன்முதலில் பிள்ளைகள்தான் அப்படிச் சொன்னார்கள். "மண்ணீரல் எந்தக் கட்டில்? ஓட்டை எந்தக் கட்டில்?" என்று வராந்தாவில் ஒருவருக்கொருவர் கிசுகிசுத்துக்கொள்வார்கள். முந்தின வருஷத்துப் பிள்ளைகள் அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு ரகசியமாகச் சொல்லிவைப்பார்கள்: மஞ்சள் தலைத்துணி, இருதயம். கறுப்புக் குடை, மண்ணீரல். வாத்தியார்களுக்குத் தெரியாது என்று நினைப்பு. வாத்தியார்களும் அப்படிக் கேட்டுத் தெரிந்துகொண்டு பாஸானவர்கள்தான்.

சாம்விரிக்கு மலேரியா சின்ன வயதிலேயே மண்ணீரலைப் பலாக்காய் அளவுக்கு வீங்க வைத்திருந்தது. இடது விலாவுக்குக் கீழே கையை வைத்தால் தொப்புள் வரை இடிக்கும். கரும்பு ஆலையில் எடை போடுகிற வேலை பார்த்தவர். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு மகன் வீட்டில் இருந்தார். மாவட்டத்தின் அந்தக் கோடியில். கெசியா இந்தக் கோடியில். அவளுக்கும் கணவன் இல்லை. வருஷத்தில் இரண்டு நாள், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், நடுவில் ஒரு துணித் திரை. அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அந்த இரண்டு நாளுக்காக கெசியா ஒரு மாதம் முன்னாலேயே துணியை வெளுத்து வைப்பாள்.

இன்றைக்கு அவர் குடையின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் முஸே, நாக்கை வீட்ல வெச்சுட்டு வந்தீங்களா?" பெரியவர்களை முஸே என்றுதான் கூப்பிடுவார்கள்.

"போயிடுச்சு, கெசியா."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "பனாங்கே, அய்யோ! யாரு? எப்போ?"

அவர் விரலால் தன் வயிற்றைக் காட்டினார். "அதுதான். போயிடுச்சு."

"எது?"

"என் மண்ணீரல். விலாவுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிச்சு. காலையிலேர்ந்து தேடறேன். கையில சிக்க மாட்டேங்குது."

கெசியாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

போன வருஷம் நவம்பரில் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போது அவர் கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தார். நாக்கு, நகம் எல்லாம் வெளுத்துக் கிடந்தது. அன்றைக்குத்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள். தினம் விழுங்கினால் வீக்கம் வற்றிவிடும் என்று சொல்லியும் இருக்கிறார்கள். இவர் எல்லாவற்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

"வத்திப் போயிட்டா அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா?" என்று அன்றைக்குக் கேட்டார்.

"செத்துப் போயிட்டா மட்டும் கூப்பிடுவாங்களா? மாத்திரையை முழுங்குங்க. இல்லைன்னா நான் வேற கட்டில் கேட்டு வாங்கிக்குவேன். உங்க பக்கத்துல உக்கார மாட்டேன்."

அவர் முழுங்கியிருக்கிறார். ஒரு வருஷம், ஒரு நாள் விடாமல்.

"மே மாசமே சின்னதாயிடுச்சு," என்றார் இப்போது. "அப்ப மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சேன். நுனி கீழே இறங்கி வந்துச்சு. அந்தப் பிள்ளைங்க கைக்குத் தட்டுப்பட்டுச்சு. இப்ப மூச்சை இழுத்தா மயக்கம்தான் வருது."

"நான் சொன்னதாலதானே..."

"நீ சொன்னதாலதான். வேற யாரு சொல்லி நான் கேட்டிருக்கேன்?"

கெசியா திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் தெளிந்திருந்தது அவருக்கு. கன்னத்தில் சதை. கண்ணில் மஞ்சள் இல்லை. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, குற்றம் செய்துவிட்ட மாதிரியும் இருந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா வீட்டுக்குப் போகச் சொல்லிடுவாங்க. சாப்பாட்டு வரைக்குமாவது இருந்துட்டுப் போறேனே."

அதற்குள் டாக்டர் கிருண்டா வந்துவிட்டார். இந்த ஊர்ப் பையன். நாலைந்து வருஷத்துக்கு முன்னால் இதே வார்டில் வியர்க்க விறுவிறுக்க நின்றவர். இன்றைக்கு அவரே பரீட்சை நடத்துகிறார். பிள்ளைகள் வருவதற்கு முன்னால் ஒவ்வோர் உடம்பையும் தொட்டுப் பார்த்துச் சரியாக இருக்கிறதா என்று உறுதி செய்வது அவர் வேலை.

கெசியாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "அப்படியே இருக்கு ஜாஜா. விசில் மாதிரி."

அடுத்தது சாம்விரி. அவர் கை சட்டைப் பொத்தானை அவிழ்க்கத் தொடங்கியது. டாக்டர் கிருண்டா அந்தக் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"உங்களையா நான் சோதிச்சுப் பாக்கணும், முஸே? நான் டாக்டரானதே இந்த வயித்தாலதான். பொத்தானைப் போடுங்க, குளிரப் போவுது."

குனிந்து, பெரியவருக்குச் செய்கிற மரியாதையோடு கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

சாம்விரி குடையை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கெசியாவைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே நீள வராந்தா. அங்கேதான் ஒரு காலத்தில் பரீட்சை நடந்தது. பரீட்சை ஆரம்பித்த வருஷம் பிள்ளைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். தூசியால் தலையெல்லாம் சிவந்து, கோட்டை உதறிக்கொண்டே இறங்கினார்கள். அவர்களுக்காக வராந்தாவில் காத்திருந்த கூட்டம் எவ்வளவு பெரியது! கழுத்தில் மாங்காய் அளவு கட்டியோடு தெசீரா. அவள் பாடிக்கொண்டே இருப்பாள், கட்டி கூடவே ஆடும். விரல் நுனியெல்லாம் முரசுக் குச்சி மாதிரி உருண்டிருந்த மீன்காரர் ஒருவர். வரும்போதெல்லாம் எல்லாருக்கும் வறுத்த சின்ன மீன் கொண்டு வருவார். ஒவ்வொருவராகப் போய், பழைய ஆட்களில் மிஞ்சியது ஓட்டையும் மண்ணீரலும் மட்டும்.

சண்டை நடந்த வருஷத்தில்கூடப் பரீட்சை நிற்கவில்லை. லாரியைச் சிப்பாய்கள் பிடுங்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் கூட்டு ரோட்டிலிருந்து நடந்தே வந்தார்கள். ஆஸ்பத்திரியில் மருந்தும் இல்லை, பஞ்சும் இல்லை. வேகவைத்த மரவள்ளியும் உப்பும்தான் மத்தியானச் சாப்பாடு. கெசியாவும் தெசீராவும் சாம்விரியும் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து வந்து சேர்ந்தார்கள். "நீங்க எதுக்குய்யா இப்ப வந்தீங்க?" என்று அன்றைய சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "நாங்க வரலைன்னா இந்தப் பசங்க எப்படி டாக்டராவாங்க?" என்றாள் தெசீரா.

அன்றைக்கு ஒரு பையன் கெசியாவின் நெஞ்சில் குழாயை வைத்தபடி அழுதான். தூரத்தில் வெடிச்சத்தம். "ஒண்ணும் கேக்கலை, ஒண்ணும் கேக்கலை" என்றான். "அதை விடு. அது நமக்கு இல்ல. நீ இங்க கேளு" என்று அவன் கையை அழுத்திப் பிடித்தாள் கெசியா. அவன் கேட்டான்.

அந்தப் பையன்தான் டாக்டர் வாண்டேரா. தலைநகரத்தில் பேராசிரியர். பரீட்சை மேற்பார்வைக்கு அவர்தான் வருகிறார். இப்போது தலை வழுக்கை.

மணி அடித்தது. திரைகளை இழுத்து மூடினார்கள். இனி பார்க்க முடியாது, கேட்க மட்டும்தான் முடியும். பரீட்சை நோயாளிகளுக்கு ஒரே ஒரு சட்டம்தான். வாயைத் திறந்து வியாதியின் பெயரைச் சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த தடவை அழைப்பு இல்லை. மற்றபடி இருமலாம், தும்மலாம், பிள்ளைகளைத் திட்டலாம்.

கெசியாவிடம் முதலில் வந்த பெண் மரியாதைக்குத் தரையில் முழந்தாளிட்டாள்.

"ராத்திரி எப்படித் தூங்குனீங்க, ஜாஜா?"

"நல்லா."

"வீட்ல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

"நல்லா."

"தோட்டம் எப்படி..."

"தோட்டம் நல்லாருக்கு, மாடு நல்லாருக்கு, கோழி நல்லாருக்கு, பக்கத்து வீட்டுக்காரியும் நல்லாருக்கா. எழுந்திரு, நேரம் போவுது. நெஞ்சைப் பாரு."

கால்மாட்டில் நின்ற டாக்டர் வாண்டேரா இருமுவது போல் சிரித்தார்.

ஆனால் கெசியாவின் காது பக்கத்துத் திரையில் இருந்தது. அங்கே துமுசீமே என்கிற உயரமான பையன் குரல்.

"இடது பக்கம் மண்ணீரல் பெரிசா இருக்கு, சார். தொப்புள் வரைக்கும். கெட்டியா, வழவழன்னு."

"நல்லாப் பாத்தியா?" டாக்டர் கிருண்டா.

"பாத்தேன் சார். விளிம்புல பள்ளம்கூடத் தெரியுது."

"சரி, போ."

கெசியாவுக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. படுபாவி. கையை வைத்தானா, வெறுமனே குடையைப் பார்த்தானா?

அடுத்து ஒரு பெண் குரல். மெல்லியது. வடக்குப் பக்கத்துப் பேச்சு. அமொங்கின் என்று பெயர் சொன்னாள். முழந்தாளிட்ட சத்தம் கேட்டது, கையைச் சூடாக்கத் தேய்க்கிற சத்தம் கேட்டது. பிறகு வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"சொல்லும்மா."

"சார்... மண்ணீரல் தட்டுப்படல, சார்."

"என்னது?"

"கைக்கு வரலை. கல்லீரலும் சாதாரணமா இருக்கு. வயித்துல... எனக்கு ஒண்ணும் தெரியல."

"இன்னொரு தடவை பாரு. அவசரப்படாதே. கீழேர்ந்து ஆரம்பி."

திரும்பவும் கையைத் தேய்க்கிற சத்தம். "முஸே, மூச்சை இழுங்க. விடுங்க. இழுங்க." கெசியாவுக்குத் தெரிந்தது, அவர் தன்னால் முடிந்த மட்டும் இழுக்கிறார். காற்று புஸ்ஸென்று வந்தது.

"இல்லை சார்."

"ஏம்மா, முன்னாடி வந்தவனுக்குத் தொப்புள் வரைக்கும் கிடைச்சுது. உனக்கு மட்டும் எங்கே போச்சு? எந்த ஊர்ல பொறந்தே நீ, மண்ணீரல் பார்க்காம? இதைக்கூடக் கண்டுபிடிக்கலைன்னா நான் எப்படி உனக்கு மார்க் போடறது? கடைசியா ஒரு தடவை கேக்கறேன். இருக்கா, இல்லையா?"

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். கெசியாவுக்குப் புரிந்தது. அவளுக்கும் கறுப்புக் குடை ரகசியம் தெரியும். எல்லாரும் சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். இருக்கிறது என்று சொன்னால் போதும், போய்விடலாம். இல்லை என்று விரல் சொல்கிறது.

கெசியா திரையைப் பார்த்தாள். வெளுத்துப் போன பச்சைத் துணி. இந்தப் பக்கம் தான், அந்தப் பக்கம் அவர். வாயைத் திறந்தால் அவருக்கு இனிமேல் கட்டில் இல்லை. தனக்கும் சட்டம் மீறியதற்கு இடம் போய்விடும். வருஷத்தில் இரண்டு நாள்தான். இரண்டு சாப்பாடு, இரண்டு சோடா. அதுவும் இல்லை என்றாகிவிடும். வாயைத் திறக்காவிட்டால் ஒரு மனுஷன் குணமானதற்கு அந்தப் பெண் தோற்றுப் போவாள்.

"சார்," என்றாள் அமொங்கின். "நான் நினைக்கிறேன்... ஒருவேளை..."

"பலிகோவா!" என்று கத்தினாள் கெசியா. "உங்க வயித்துல இல்லாததை அந்தப் பொண்ணு எங்கேர்ந்துய்யா கொண்டாருவா? சொல்லித் தொலைங்களேன்!"

எங்கேயோ ஒரு டம்ளர் உருண்டது.

திரைக்கு அந்தப் பக்கம் சாம்விரி மூச்சை நீளமாக விட்டார்.

"அவ சொல்றது நிஜம், டாக்டர். இந்தப் பொண்ணு சொல்றதும் நிஜம். அது போயிடுச்சு. மாத்திரை சாப்பிட்டேன். காலையிலயே சொல்லியிருக்கணும். நீங்க கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டீங்க, எனக்கு வாய் வரலை."

டாக்டர் வாண்டேரா திரையை விலக்கிக்கொண்டு போனார். கெசியாவும் பின்னாலேயே போனாள், தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வாண்டேரா சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்காலை மடக்கிக் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணை மூடி, விரலை வைத்து மெதுவாக அழுத்தினார். கொஞ்சம் மேலே. இன்னும் கொஞ்சம் மேலே.

"கிருண்டா."

"சார்."

"இந்த ஆளைக் காலையில தொட்டுப் பாத்தியா?"

டாக்டர் கிருண்டா தரையைப் பார்த்தார். "மரியாதைக்கு... தொந்தரவு குடுக்க வேணாம்னு..."

"மரியாதையா? மரியாதை வாசல்ல. கட்டில்கிட்ட வந்தா கைதான்." பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா அழறே? சரியாத்தானே சொன்னே. கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் போ. அந்த உயரமான பையனைக் கூப்பிடுங்க. விளிம்புல பள்ளம் வேற பாத்தானாமே. எனக்கும் கொஞ்சம் காட்டட்டும்."

எங்கேயோ ஒரு நர்ஸ் பெண் கொல்லென்று சிரித்தாள். அது பரவி வார்டே சிரித்தது. துமுசீமேவுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறோர் ஆளை வைத்து மறுபடி பரீட்சை என்று முடிவானது.

வாண்டேரா சாம்விரியின் தோளைத் தட்டினார். "முஸே, உங்களுக்குக் குணமாயிடுச்சு. எத்தனை வருஷம் நாங்க மாத்திரை குடுத்தோம்! சந்தோஷப்படுங்க."

"சந்தோஷம்தான்," என்றார் சாம்விரி, துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

சாப்பாடு வராந்தாவில். வேகவைத்த வாழைக்காய், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நிலக்கடலைக் குழம்பு, கோழி. கெசியாவும் சாம்விரியும் எப்போதும் போல் தூண் ஓரமாக உட்கார்ந்தார்கள். சோடாவைத் திறக்காமல் வைத்திருந்தார் அவர்.

டாக்டர் வாண்டேரா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றார். "ஜாஜா, சட்டம் தெரியும்ல?"

"தெரியும்."

"வாயைத் திறந்துட்டீங்க."

"திறந்துட்டேன். எடுத்துடுங்க என் பேரை. போயிட்டு வரேன்."

"இருங்க. வியாதி பேரைச் சொல்லக் கூடாதுங்கறதுதான் சட்டம். நீங்க வியாதியே இல்லைன்னுதானே சொன்னீங்க? அதுக்கு எங்ககிட்ட சட்டம் இல்ல." கொஞ்சம் குனிந்தார். "மே மாசம் வாங்க. அந்தச் சத்தம் கேக்காம எனக்குப் பரீட்சை மாதிரியே இருக்காது." சாம்விரி பக்கம் திரும்பினார். கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

"நல்ல பையன்," என்றார் சாம்விரி.

"அழுமூஞ்சிப் பையன். இப்பப் பெரிய மனுஷன்."

"ஏழாம் கட்டிலுக்கு வேற யாரையாவது பிடிச்சுடுவாங்க. நல்ல மண்ணீரலா இருக்கணும். மூச்சை இழுத்தா உடனே கைக்கு வந்து இடிக்கணும்." கோழித் துண்டைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினார். "தெசீராவோட சேர்ந்து சாப்பிட்டது இந்தத் தூண்கிட்டதான். ஞாபகம் இருக்கா? மரவள்ளியை உடைச்சு மூணு பேருக்கும் பங்கு போட்டா."

"பெரிய துண்டு உங்களுக்குத்தான் குடுத்தா. எனக்கு அன்னிக்கு வயித்தெரிச்சல்."

"நிஜமாவா?"

"பின்னே?"

அன்றைக்கு முதல் தடவையாக அவர் சிரித்தார். சோடாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார்.

சிஸ்டர் நாமுகோசே தட்டுகளை எடுக்க வந்தாள். "ஜாஜா, வண்டிக்காரனை வரச் சொல்லட்டுமா? தனியாப் போகணுமே உங்களுக்கு."

கெசியா வாயைத் துடைத்துக்கொண்டாள். "சிஸ்டர், மே மாசம் நான் ஆளோட வரேன்."

"அட! யாரு அந்த அதிர்ஷ்டசாலி?"

கெசியா உதட்டைக் குவித்துத் தூணில் சாய்ந்திருந்தவரைக் காட்டினாள்.

சாம்விரி திரும்பிப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். யாரும் இல்லை. "நானா? நோயாளிக்கு ஆளா? எனக்கு என்ன தெரியும்?"

"தண்ணி கொண்டாந்து குடுக்கத் தெரியுமா?"

"அது தெரியும்."

"சோத்துத் தட்டு வாங்கித் தரத் தெரியுமா?"

"நல்லாவே தெரியும்."

"தலை சுத்தினா பிடிக்கத் தெரியுமா?"

"உனக்குத் தலை சுத்துமா?"

"சுத்தாது. தெரியுமான்னு கேட்டேன்."

சிஸ்டர் தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, எங்கேயோ பார்ப்பது போல் நின்றாள். ஒரு காது இங்கேயே இருந்தது.

"ஆளுக்குச் சாப்பாடு உண்டா?" என்று அவளைக் கேட்டார் சாம்விரி.

"உண்டு முஸே. சோடாதான் கிடையாது."

"சோடா நான் பங்கு தரேன்," என்றாள் கெசியா. "ஆனா ஒண்ணு. ஆளுன்னா ஆஸ்பத்திரி வாசல்ல வந்து நிக்கறது இல்ல. நோயாளியை வீட்லேர்ந்து கூட்டிட்டு வரணும்."

"உன் வீடு எனக்குத் தெரியாதே."

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. இரண்டு பேரும் ஒரு கணம் அதை நினைத்து ஆச்சரியப்பட்டார்கள்.

"ஆலையைத் தாண்டி, பாலத்துக்கிட்ட இறங்கிடுங்க. வலது கைப் பக்கம் செம்மண் ரோடு. ரெண்டு பலா மரம் வரும். அங்கே நின்னு, நெஞ்சு விசில் அடிக்கற கிழவி வீடு எதுன்னு கேளுங்க. நாய்கூடக் காட்டும்."

அவர் உதட்டை அசைத்து அசைத்து மனப்பாடம் செய்தார். ஆலை, பாலம், செம்மண் ரோடு, பலா மரம். பரீட்சைக்கு முன்னால் வராந்தாவில் பிள்ளைகள் முணுமுணுப்பார்களே, அப்படி.

"மே மாசம் வரைக்கும் ஞாபகம் இருக்கணுமே," என்றார் கடைசியில். "எனக்கு வயசாயிடுச்சு, மறந்துடும்."

கெசியா எழுந்து இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினாள். வண்டிக்காரன் வாசலில் ஹாரன் அடித்தான்.

"மே மாசம் வரைக்கும் காத்திருக்கச் சொல்லி யாரு சொன்னது?" என்றாள்.